ஆவாரங்காட்டுச் சின்னான்

ஜோலார்ப்பேட்டையில் விடியற்காலையில் வண்டி மாறி, காட்பாடி மார்க்கமாகச் செல்லும் பாசஞ்சர் ரயிலில் ஏறியவர்கள், வாணியம்பாடியும் விண்ணமங்கலமும் கழிந்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் ஆம்பூர் நெருங்கிவிட்டது என்பதை அறிந்துகொள்வார்கள். உப்பும் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த ஒரு கனத்த வாசனை, மார்கழிப் பனியோடு சேர்ந்து ஜன்னல் வழியே உள்ளே வந்து, வெளியூர்க்காரரின் முகத்தைச் சுளிக்கச் செய்துவிடும். என் எதிரே அமர்ந்திருந்த பெண்கள் நால்வரும் முகம் சுளிக்கவில்லை. கழுத்தில் அடையாள அட்டையும் மடியில் சாப்பாட்டுப் பையுமாக ஷூ கம்பெனி வேலைக்குச் செல்லும் அவர்களுக்கு அது வீட்டுக்கு அரிசி வாங்கித் தரும் வாசனை. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்தைக் கட்டும் வாசனை. அவர்கள் ஆம்பூரில் இறங்கிப் போன பிறகு, நான் அந்த வாசனையைச் சட்டையில் சுமந்துகொண்டே குடியாத்தம் போய்ச் சேர்ந்தேன்.

குடியாத்தத்துக்கு நான் சென்றது பறவைகளைப் பார்ப்பதற்காக. கைத்தறிக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் பெற்றதும், 1954-ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் முதலமைச்சர் காமராஜரைச் சட்டசபைக்கு அனுப்பியதுமான அந்த ஊருக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, மலையென்று சொல்லிவிட முடியாத பாறைக் கரடுகளும், காடென்று சொல்லிவிட முடியாத புதர்வெளிகளும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. வெயிற்காலத்தில் அவ்வழியே பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது கடவுள் படைத்து முடிக்காமல் விட்டுவிட்ட பூமி போலத் தோன்றும். முட்செடியும், ஆவாரையும், உருண்டு எப்போது விழுமோ என்று அஞ்சத்தக்க பாறைகளும் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. ஆனால் இப்பிரதேசத்தைத் தரிசு என்று அரசாங்கப் பதிவேடுகளில் எழுதியவர்கள், விடியற்காலை ஆறு மணிக்கு ஒரு முறையேனும் இங்கே வந்து நின்றிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

அந்தக் கரடுகளின் நடுவே கௌண்டன்ய மகாநதி என்ற சிற்றாறு ஆந்திரத்திலிருந்து இறங்கி வருகிறது. பெயரில் உள்ள மகத்துவம் பெரும்பாலான மாதங்களில் நீரில் இராது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மோர்தானா என்ற சிற்றூரின் அருகே அதன் குறுக்கே கட்டப்பட்ட அணை சுமார் 261 மில்லியன் கன அடி ஜலத்தைத் தேக்கி வைக்கிறது. மேட்டூரையும் பவானிசாகரையும் கண்டவர்களுக்கு இது ஒரு பெரிய குளமாகவே தோன்றலாம். இருப்பினும் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஓய்ந்த ஆண்டில், மூன்று பக்கமும் பாறைக்குன்றுகள் சூழ, பனிப்படலம் மெல்ல விலகும் வேளையில் அணைக்கரை மீது நின்று பார்க்கிறவனுக்கு, அளவு என்பது கணக்குப் புத்தகத்தில் மட்டும் முக்கியமானது என்று தோன்றிவிடும்.

என்னோடு வந்தவர் அவ்வூர்ப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர். நாங்கள் கரைமேல் கால் வைத்ததும் முதலில் எங்களைக் கண்டு ஊருக்கெல்லாம் அறிவித்தது, பெயருக்கேற்ப, ஆள்காட்டிதான். அதன் கூச்சல் அடங்கிய பிறகு, நீரில் பாதி முழுகி நின்ற பட்டமரம் ஒன்றில் பாம்புத்தாரா இறக்கைகளை விரித்து வெயிலுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டோம். நீருக்கு மேலே ஓரிடத்தில் அசையாமல் இறக்கையை மட்டும் படபடவென்று அடித்து நின்ற கருவெள்ளை மீன்கொத்தி, எய்யப்பட்ட அம்பு போலத் தலைகீழாக விழுந்து, வெள்ளிக்கீற்றுப் போன்ற மீனொன்றுடன் எழுந்தது. மூன்று முறை விழுந்து மூன்று முறையும் வெற்றியோடு எழுந்ததைப் பார்த்துவிட்டு நண்பர், "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குதுங்க, அதுக்கு அடிவரைக்கும் தெரியுது" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை இந்தப் பிரயாணம் முழுவதும் என்னோடு வந்தது. மீனைத் தின்று வாழும் பறவைக்கு நீரின் ஆழம் எவ்வளவு என்பதைக் காட்டிலும், நீரின் தெளிவு எத்தகையது என்பதே ஜீவாதாரமான கேள்வி.

ஆழம் குறைந்த ஓரங்களில் புள்ளிமூக்கு வாத்துகள் ஜோடி ஜோடியாக மிதந்தன. முக்குளிப்பான்கள் முழுகுவதும் எதிர்பாராத இடத்தில் எழுவதுமாக இருந்தன. சேற்றுத்திட்டில் வாலாட்டிகள் ஓடின. வாலாட்டிகளில் பல இமயத்துக்கு அப்பாலிருந்து வந்த விருந்தாளிகள்.

கரையை விட்டிறங்கிப் புதர்வெளிக்குள் நடந்தபோதுதான் ஆட்டுமந்தையோடு ஒரு பெரியவரைச் சந்தித்தோம். எங்கள் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்து, "இன்னா சார் பாக்கறீங்க, ஆனையா? ஆனை அந்தாண்ட கீது, ஆந்திரா பக்கம்" என்றார். அவர் சொன்னது வேடிக்கைக்காக அல்ல. எல்லைக்கு அப்பால் இருப்பது சித்தூர் மாவட்டத்துக் கௌண்டன்ய வனவிலங்குச் சரணாலயம். நெடுங்காலமாக யானையே இல்லாதிருந்த அந்த மலைகளுக்கு, 1980களில் மேற்கேயிருந்து யானைகள் வந்து குடியேறின. இன்று அவை எல்லை பாராமல் இறங்கி வந்து வாழையையும் நெல்லையும் தின்றுவிட்டுப் போகின்றன. பறவை பார்க்க வந்தோம் என்றதும் பெரியவரின் முகம் மலர்ந்தது. "பிட்டயா? அது நெறய கீது சார்" என்றார்.

எல்லைப்புறத்துத் தமிழில் தெலுங்கு தாராளமாகக் கலந்திருக்கும். தெலுங்கில் சிறு பறவைக்குப் பிட்ட என்று பெயர். பனிக்காலத்தில் வடக்கேயிருந்து நம் புதர்க்காடுகளுக்கு வரும் ஆறுமணிக் குருவியை, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தவறாது இருமுறை விசிலடிப்பது போலக் கூவும் அந்த வர்ணஜாலப் பறவையை, வகைப்படுத்திய மேனாட்டு விஞ்ஞானிகள் இந்தத் தெலுங்குச் சொல்லையே அதன் பேரினத்துக்குப் பெயராகச் சூட்டிவிட்டார்கள். ஆகவே, ஆஸ்திரேலியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வசிக்கிற அதன் உறவுக்காரப் பறவைகளைக் கூட உலகத்து நூல்கள் இப்பெரியவர் வாயில் சாதாரணமாக வந்த வார்த்தையாலேயே அழைக்கின்றன. இதை நான் எடுத்துச் சொன்னபோது அவர் பெரிதாக வியப்படையவில்லை. "பிட்டய பிட்டன்னு தானே சார் சொல்லணும்?" என்றார்.

நான் இவ்வளவு தூரம் வந்தது ஆறுமணிக் குருவிக்காகவும் அன்று. மஞ்சள் தொண்டைச் சின்னான் என்றொரு பறவை உண்டு. நம் வீட்டுத் தோட்டங்களில் கொண்டையை நிமிர்த்திக்கொண்டு திரியும் சின்னானின் நெருங்கிய உறவு. ஆனால் கொண்டை கிடையாது. சாம்பல் நிற மார்பும், பச்சை கலந்த மஞ்சள் தலையும், எலுமிச்சம்பழத்தைப் பிளந்து ஒட்டவைத்தாற்போன்ற தொண்டையும் கொண்ட அப்பறவை, உலகத்தில் தென்னிந்தியாவின் பாறைக்குன்றுகளைத் தவிர வேறெங்கும் வாழ்வதில்லை. நந்தி மலையிலும் ஹார்ஸ்லி மலையிலும் செஞ்சிக் குன்றுகளிலும் ஏலகிரி, ஜவ்வாது மலைச் சரிவுகளிலும் அதைக் கண்டிருக்கிறார்கள். சென்னைப் பட்டாளத்தில் வைத்தியராக வந்து சேர்ந்த தாமஸ் ஜெர்டன் என்ற ஆங்கிலேயர் 1845-ஆம் ஆண்டில் இதை விஞ்ஞான உலகத்துக்கு அறிவித்தார். ரணசிகிச்சை செய்த கையாலேயே தென்னாட்டுப் பறவைகளைப் பற்றியெல்லாம் எழுதி வைத்த அந்த மனிதருக்கு நாம் எவ்வளவோ கடன்பட்டிருக்கிறோம். மழைக்காடும் வேண்டாம், பசும்புல் தரையும் வேண்டாம், பாறையும் புதரும் போதும் என்று வாழ்கிற இச்சின்னானுக்கு இன்று அந்தப் பாறையே அபாயமாகியிருக்கிறது. வீடு கட்டவும் சாலை போடவும் கரடுகளை வெடி வைத்துப் பிளக்கும் கல்குவாரிகள், ஒரு குன்றைக் கரைக்கிறபோது அதன் மீதிருந்த குடும்பங்களையும் கரைத்துவிடுகின்றன.

அன்று அதன் குரலை மட்டுமே கேட்டோம். பாறைகளுக்கு நடுவே, இச்சி மரமொன்றின் இலைமறைவிலிருந்து, அவசரமாக எதையோ சொல்லி முடித்துவிட்டு ஓடுகிறவனைப் போல ஒரு குரல் இரண்டு தடவை எழுந்து அடங்கிவிட்டது. வெண்புருவச் சின்னானின் குரலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் ஆதலால், கேட்டதை நிச்சயமாகக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. "அது மேல ஏறினாத்தான் கண்ணுல படும் சார், கீழ எறங்காது. ஆவாரங்காட்டுச் சின்னான்னு சொல்வோம்" என்றார் பெரியவர்.

ஆவாரை என்று அவர் சொன்னதும் பேச்சு வேறு திசையில் திரும்பியது. அவருடைய தாத்தா காலத்தில் இக்கரடுகளில் ஆவாரம்பட்டை உரித்து, காயவைத்து, கட்டுக் கட்டாக மாட்டுவண்டியில் ஏற்றிப் பேர்ணாம்பட்டுக்கும் ஆம்பூருக்கும் அனுப்புவார்களாம். அந்தக் காலத்தில் தோல் பதனிடுதல் என்பது ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் கொண்டு, குழிகளில் பல வாரங்கள் ஊறவைத்துச் செய்யப்பட்ட பொறுமையான வேலை. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிச் சீமைக்குப் போன பழுப்புத் தோலின் நிறம் இந்தக் குன்றுகளின் மஞ்சள் பூச்செடி தந்த நிறமேயாகும். 1972-இல் சீதாராமையா கமிட்டி, பாதி பதப்படுத்திய தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து முழுதும் முடித்த தோலையும் தோற்பொருள்களையும் அனுப்ப வேண்டும் என்று சிபாரிசு செய்தது. அரசாங்கமும் அவ்வழியே சென்றது. உள்நாட்டில் வேலை பெருகவேண்டும் என்ற நோக்கம் நல்ல நோக்கம். ரயிலில் என் எதிரே அமர்ந்திருந்த பெண்களின் உத்தியோகத்துக்கே அதுதான் அஸ்திவாரம். அதே சமயத்தில், வாரக்கணக்கில் நடந்த வேலையைச் சில நாட்களில் முடித்துத் தரும் குரோமிய உப்பு ஆவாரம்பட்டையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வண்டி வண்டியாக இறங்கிய பட்டைக்கு வேலை குறைந்தது. மலைக்கும் ஊருக்கும் இருந்த உறவும் அத்தோடு தளர்ந்தது. செடியை நம்பித் தொழில் நடந்தவரையில் செடி நின்ற மண்ணைப் பற்றி யாராவது ஒருவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருப்பார்.

மறுநாள் காலை மோர்தானா நீரைக் கால்வாய் வழியே பெறும் நெல்லூர்ப்பேட்டை ஏரியைச் சுற்றி வந்தோம். நாமக்கோழிகளும் நத்தைகுத்தி நாரைகளும் ஏராளம். கரையோரத்துப் பிளாஸ்டிக் குப்பை மட்டும் இல்லாதிருந்தால் அங்கேயே மத்தியானம் வரை இருந்திருப்போம்.

பிற்பகல் ஆம்பூருக்குப் போய்ப் பாலாற்றில் இறங்கினேன். நந்தி மலையில் பிறந்து, மூன்று மாநிலங்களில் 348 கிலோமீட்டர் நடந்து, வயலூரருகே கடலில் கலக்கும் இந்நதி, தமிழ்நாட்டில் மட்டும் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. ஓடுகிறது என்பது பூகோளப் புத்தகத்தின் மொழி. 1903 நவம்பரில் வாணியம்பாடியை மூழ்கடித்து உயிர்களை வாரிச் சென்றதும் இதே ஆறுதான். 2021 நவம்பரில் கரைபுரண்டு பாலங்களை அடித்துக்கொண்டு போனதும் இதுவேதான். நான் கண்ட மாலையிலோ, சீமைக்கருவேலம் அடர்ந்து, மணல் சுரண்டப்பட்டுக் குழிகள் விழுந்த படுகையின் நடுவே, கருத்த நீர் ஒரு கோடாகத் தேங்கி நின்றது. ஓரத்தில் நுரை.

பறவைகள் அங்கே இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும். மோர்தானாவைக் காட்டிலும் எண்ணிக்கையில் அதிகமாகவே இருந்தன. தோலின் உட்புறத்திலிருந்து சுரண்டி எறியப்பட்ட சதைத் துணுக்குக் குவியலின் மேல் கரும்பருந்துகள் நூறுக்குக் குறையாமல் வட்டமிட்டன. காக்கைகளும் உண்ணிக்கொக்குகளும் கூடி நின்றன. கருநீரில் நெடுங்கால் உள்ளான்கள் சிவந்த கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து, சேற்றுப் புழுக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. பறவை இருந்தால் இடம் சுத்தமானது என்று நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். எத்தனை பறவைகள் என்று எண்ணுவதோடு நின்றுவிடாமல், எவை வந்திருக்கின்றன, எவை வரவில்லை என்று கேட்டால்தான் நீர் தன் கதையைச் சொல்லும். பாம்புத்தாரா அங்கே இல்லை. முக்குளிப்பான் இல்லை. ஆற்றின்மேல் வெள்ளிச் சிறகு விரித்துப் பறக்கும் ஆலா இல்லை. இரண்டு மணி நேரம் நின்றும், நீரை நோக்கித் தலைகீழாக விழும் ஒரு மீன்கொத்தியை நான் காணவில்லை. கழிவை உண்டு வாழ்வனவும், சேற்றில் துழாவி வாழ்வனவும் வந்திருந்தன. தெளிந்த நீரை ஊடுருவிப் பார்த்து வாழ்வன வரவில்லை.

இந்த நீரைப் பற்றித்தான் வேலூர்ப் பொதுமக்கள் நல மன்றம் 1991-இல் உச்சநீதிமன்றத்தின் படியேறியது. 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு, இன்று இந்தியாவில் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் அறிந்த தீர்ப்பு. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பதும், கேடு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்பதும் இந்நாட்டின் சட்டத்தில் ஓர் அங்கம் என்று அது உறுதி செய்தது. தோல் தொழிற்சாலை மண்டலத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றுப் போனதாக அத்தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. குரோமியத்தை மீட்கும் முறைகள் வந்தன. எனினும் பச்சைத்தோல் அழுகாமலிருக்கத் தூவப்படும் சாதாரண உப்பு நீரில் கரைந்துவிட்ட பிறகு அதைப் பிரித்தெடுப்பது மிகவும் சிரமமும் செலவும் பிடித்த காரியம். கிணறுகளில் இறங்கிய அந்த உப்பு இன்னும் உள்ளேயே இருக்கிறது. 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மறுபடியும் ஒரு நீண்ட தீர்ப்பு எழுத நேர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நதி கோர்ட்டு வாசலில் நிற்கிறது என்பதை நினைக்கும்போது என் மனம் வருந்துகிறது.

இதே பாலாற்றின் கீழ்ப்பகுதிப் பிரதேசத்தில்தான், மதுராந்தகத்துக்கு அருகே, வேடந்தாங்கல் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவ்வூர் மக்கள், தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாதென்று கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டு உத்தரவு பெற்றார்கள். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரிநீர் வயலுக்குப் பாயும்போது அதுவே உரமாகிறது என்பதை அக்குடியானவர்கள் எந்த விஞ்ஞானியும் சொல்லாமலே அறிந்திருந்தார்கள். ஒரே நதியின் தேசத்தில், ஓர் ஊர் நீர் வயலை வளர்க்க, மற்றோர் ஊர் நீர் வயலைக் கொன்றது.

அன்றிரவு ஆம்பூர் விடுதியில் படுத்திருந்தபோது இங்கிலாந்து தேசத்தைப் பற்றி முன்பு படித்தது நினைவுக்கு வந்தது. ஆலைப்புகையால் கறுத்திருந்த மாஞ்செஸ்டர் நகரம், 1848 தொடங்கி, லாங்டெண்டேல் பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து அணைகள் கட்டிக் குடிநீர் கொண்டுவந்தது. அதற்கு மேலே விரிந்த புதர்படர்ந்த மேட்டுவெளிகள் வேட்டையாடும் பிரபுக்களின் உடைமையாக இருந்தன. 1932 ஏப்ரலில் அந்நகரத்துத் தொழிலாளிகள் சில நூறு பேர் தடையை மீறிக் கிண்டர் ஸ்கௌட் மேட்டின்மீது நடந்தார்கள்; சிலர் சிறை சென்றார்கள். இன்று அவ்வழியே யார் வேண்டுமானாலும் பைனாகுலரோடு நடந்து பறவை பார்க்கலாம். வாரமெல்லாம் இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கு மலைக்காற்றின்மீது உள்ள உரிமை மற்றெவருக்கும் குறைந்ததன்று என்று அவர்கள் நம்பினார்கள். ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் உழைக்கிற ஜனங்களுக்கு மோர்தானாவுக்குப் போகத் தடையொன்றுமில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லாத குறைதான்.

மூன்றாம் நாள் விடியுமுன் நானும் நண்பரும் மறுபடியும் கரட்டுக்குப் போனோம். பெரியவர் எங்களுக்கு முன்பே அங்கிருந்தார். பாறைகளைப் பற்றி ஏறி, இச்சி மரத்துக்கு மேலே ஒரு திட்டில் மூவரும் பேசாமல் உட்கார்ந்தோம். கிழக்கே வெளுத்தது. கவுதாரி கூவிற்று. தூரத்தில் மயில் அகவிற்று. பூத்திருந்த ஆவாரங்கிளை ஒன்றையே நான் வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலும். அதில் ஒரு பூங்கொத்து திடீரென்று வாயைத் திறந்து பாடியது. பூவின் மஞ்சளுக்கும் தொண்டையின் மஞ்சளுக்கும் அணுவளவும் பேதமில்லை. பாட்டு முடிந்ததும் அதன் ஜோடி பாறைக்குப் பின்னாலிருந்து பதில் கொடுத்தது. இரண்டும் இச்சிப் பழங்களைக் கொத்தின, சுற்றுமுற்றும் பார்த்தன, எங்களைக் கண்டுவிட்ட பிறகும் கால் நிமிஷம் தயங்கி நின்று, பிறகு சரிவில் இறங்கி மறைந்தன. "நான் சொன்னேன்ல சார்" என்று பெரியவர் மெதுவாகச் சொன்னார். அவர் குரலில் தம் வீட்டுப் பிள்ளையைச் சபையில் கண்ட பெருமிதம் இருந்தது.

மாலை வண்டியில் திரும்பினேன். ஆம்பூரில் வேலை முடிந்த பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். எனக்குப் பக்கத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்த ஒரு நடுவயது அம்மாள், என் மடியில் விரித்திருந்த பறவைப் புத்தகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது இன்னா குருவி சார்?" என்று கேட்டார். சொன்னேன்.

"எந்த ஊர்ல கீது?"

"உங்க பக்கந்தாம்மா. குடியாத்தம் தாண்டி, மோர்தானா கரட்டுல. இன்னிக்குக் காலையிலே பார்த்தேன்."

"நம்ம மலையிலயா?"

அவர் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தார். பிறகு எதிர்வரிசையில் இருந்த பெண்ணிடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் உண்டா, எத்தனை மணிக்குப் போனால் பார்க்கலாம், பிள்ளைகள் அந்தப் பாறையில் ஏற முடியுமா என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். தோலின் கறை படிந்த விரல்கள் அந்தப் படத்தைத் தொட்டும் தொடாமலும் சுட்டிக்காட்ட, புத்தகம் கைமாறிக் கைமாறி, வாணியம்பாடி வரும் வரையில் என்னிடம் திரும்பி வரவில்லை.